பூமிக்குக் கீழே 48 வோல்ட்: மைனஸ் மின்சாரத்திலிருந்து ப்ளஸ் மின்சாரம் செய்வது எப்படி?

மின்சாரம் போய், விளக்கு அணைந்து, டெலிவிஷன் ஓய்ந்த பிறகும், மூலையில் இருந்த தரைவழித் தொலைபேசி மட்டும் வேலை செய்ததை நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்குக் காரணம், அந்தத் தொலைபேசி நம் வீட்டு மின்சாரத்தில் ஓடவில்லை. தொலைபேசி நிலையத்தில் வரிசையாக அடுக்கிய பாட்டரிகளிலிருந்து, அதே செம்புக் கம்பி வழியாகவே அதற்குச் சக்தி வந்துகொண்டிருந்தது. இந்தியாவில் 1882-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் தொடங்கின. 1984-ல் அமைந்த சி-டாட் நிறுவனம் 128 இணைப்புகள் கொண்ட கிராமத் தொலைபேசி நிலையத்தை 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவியது. இன்று ஊருக்கு ஊர் செல்போன் கோபுரங்கள் நிற்கின்றன. கருவிகள் எத்தனையோ மாறியும் ஒன்று மாறவில்லை. இவற்றுக்குச் சோறு போடும் மின்சாரம் பெரும்பாலும் மைனஸ் 48 வோல்ட்தான்.

ப்ளஸ் தெரியும், அதென்ன மைனஸ் வோல்ட் என்று கேட்பீர்கள். நான் பொறியியல் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. மும்பையில் மின்னணு உதிரிபாகம் விற்றுப் பிழைக்கிறவன். லேமிங்டன் சாலைப் பக்கம் கடை வைத்தவனுக்கு, விற்கிற பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் காலம் தள்ள முடியாது. புத்தகங்களைப் புரட்டியும், வாடிக்கையாளர்களிடம் கேட்டும் சேர்த்த அறிவு இது. இந்த மலரைக் கையில் எடுக்கும் குடும்பங்களில் எஞ்சினியரிங், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்களுக்குப் பயன்படும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

1. ஏன் மைனஸ்?

ஒரு ஈய-அமில பாட்டரி அறை சுமார் 2 வோல்ட் தரும். 24 அறைகளை வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதைப் போலப் பெரிய வரிசை. இதன் இரண்டு முனைகளில் ஏதாவது ஒன்றை பூமியோடு இணைக்க வேண்டும். கார், பைக்குகளில் மைனஸ் முனையை வண்டியின் உடம்போடு இணைக்கிறார்கள். தொலைபேசிக்காரர்கள் ப்ளஸ் முனையை எர்த்தில் கட்டினார்கள். அதனால் பூமி பூஜ்யம், லைன் கம்பி பூமியை விட 48 வோல்ட் தாழ்வு. இதுதான் மைனஸ் 48.

இப்படிக் கட்டியதற்குக் காரணம் துரு. மண்ணுக்கடியில் போகும் செம்புக் கம்பியின் உறையில் எங்கேயாவது விரிசல் விட்டு ஈரம் புகுந்தால், அங்கே மின்பகுப்பு நடக்கும். மின்பகுப்பில் ப்ளஸ் பக்கத்து உலோகம்தான் கரையும். மைனஸ் பக்கத்து உலோகம் தப்பித்துக்கொள்ளும். லைன் கம்பி ப்ளஸ் ஆக இருந்தால், பல மைல் நீளக் கம்பி மெலிந்து மெலிந்து அறுந்துபோகும். லைன் மைனஸ் ஆக இருந்தால், கரைவது எர்த் பக்கம். எர்த் கம்பத்தை மாற்றுவது சுலபம், ஊர் முழுக்கப் புதைத்த கேபிளைத் தோண்டி மாற்றுவது சுலபமா?

48 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. 12 வோல்ட்டில் அனுப்பினால் அதே சக்திக்கு நான்கு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். கம்பியில் வீணாகும் வெப்பம் பதினாறு மடங்காகும். மறுபக்கம், வோல்ட்டை மிக உயர்த்தினால் தொடுகிறவருக்கு ஆபத்து. நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்குள் இருப்பதைத் தாழ் அழுத்தமாகக் கொள்வது வழக்கம். 48 இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

2. மைனஸ் என்பது குறைவு அல்ல

பிள்ளைகள் இடறி விழும் முதல் இடம் இதுதான். மைனஸ் 48 என்றதும் ‘ஒன்றுமில்லாததை விடக் குறைவு’ என்று மனத்தில் படுகிறது. வியாபாரிக்கு இந்தக் குழப்பம் வராது. நான் உங்களுக்கு 48 ரூபாய் தரவேண்டும் என்றால் என் பேரேட்டில் அது கடன், உங்கள் பேரேட்டில் வரவேண்டிய பணம். ரூபாய் அதே ரூபாய்தான், எந்தப் புத்தகத்தைத் திறக்கிறோம் என்பதுதான் வேறு.

மின்னழுத்தமும் அப்படியே. அது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம். ‘கிரவுண்டு’ என்பது நாமாகப் பார்த்து பூஜ்யம் என்று பெயர் வைத்த ஒரு புள்ளி, அவ்வளவுதான். மைனஸ் 48 வோல்ட் கம்பியின் மேல் நின்று பார்க்கிறவனுக்கு அந்தக் கம்பியே பூஜ்யம், பூமி ப்ளஸ் 48 உயரத்தில் இருக்கும். இந்த ஒரு பார்வை மாற்றத்தைப் பிடித்துக்கொண்டால், இனி சொல்லப்போகும் டிசைன் முழுவதும் விளங்கிவிடும். அதை விட்டுவிட்டால் எத்தனை சூத்திரம் மனப்பாடம் செய்தாலும் பாகங்கள் புகைந்துகொண்டுதான் இருக்கும்.

3. நமக்கு வேண்டியது என்ன?

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோபுரத்தடியில் ஒரு சின்னக் கருவி. அதற்கு எர்த்தை விட 12 வோல்ட் உயரமான, 1 ஆம்பியர் மின்சாரம் வேண்டும், அதாவது 12 வாட். கையில் இருப்பது மைனஸ் 48. இந்த 48-ம் நிலையாக நிற்காது. பாட்டரி தொடர்ந்து சார்ஜில் இருக்கும்போது அறைக்கு 2.25 வோல்ட், மொத்தம் 54. கரண்ட் போய் பாட்டரி தீர்ந்துவரும்போது அறைக்கு 1.8, மொத்தம் 43.2. கம்பி நீளத்தில் இழப்பு, திடீர் ஏற்றம் இவற்றையும் சேர்த்து 36 முதல் 75 வோல்ட் வரை தாங்கும்படி டிசைன் செய்வது இத்துறையில் பழக்கம்.

பூமிக்குக் கீழே இருக்கும் சக்தியை வைத்துப் பூமிக்கு மேலே எப்படி ஏற்றுவது? இதற்குத் தண்ணீரில் ஒரு பழைய உபாயம் இருக்கிறது. ஹைட்ராலிக் ராம் என்ற நீரேற்றி. வெப்பக்காற்றுப் பலூனால் பெயர் பெற்ற மோங்கோல்ஃபியே சகோதரர்களில் மூத்தவரான ஜோசப் 1796-ல் செய்தது. ஓடைத் தண்ணீரைக் குழாய் வழியாகப் பள்ளத்துக்கு வேகமாக ஓடவிட்டால், கீழ் வால்வு படக்கென்று தானே மூடிக்கொள்ளும். ஓடிவந்த தண்ணீர் சட்டென்று நிற்க முடியாது. அந்த வேகத்தில் ஒரு பகுதி, ஒருவழி வால்வைத் தள்ளிக்கொண்டு, ஓடையின் மட்டத்துக்கும் மேலே உள்ள தொட்டிக்கு ஏறிவிடும். என்ஜினும் இல்லை, மோட்டாரும் இல்லை.

நம் சர்க்யூட் இதே நீரேற்றிதான். ஓடை என்பது எர்த், பள்ளம் என்பது மைனஸ் 48. குழாய்க்குப் பதில் ஒரு காயில், கீழ் வால்வுக்குப் பதில் மாஸ்ஃபெட், ஒருவழி வால்வுக்குப் பதில் டயோடு. மேல் தொட்டி என்பது ப்ளஸ் 12-ல் உள்ள கண்டென்சர். காயிலின் ஒரு முனை எர்த்தில். மறுமுனையிலிருந்து மாஸ்ஃபெட் மைனஸ் 48-க்கு இறங்குகிறது. அதே முனையிலிருந்து டயோடு ப்ளஸ் 12-க்கு ஏறுகிறது. மாஸ்ஃபெட்டைத் திறந்தால் காயிலில் கரண்ட் வளரும். மூடினால் அந்தக் கரண்ட் நிற்க மனமில்லாமல் டயோடு வழியாக மேலே பாயும். இதை ஒரு செகண்டுக்கு ஒரு லட்சம் முறை செய்தால் சீரான 12 வோல்ட் கிடைக்கும். புத்தகங்களில் இதை பக்-பூஸ்ட் வகையில் சேர்ப்பார்கள்.

4. காயிலின் கணக்குப் புத்தகம்

மாஸ்ஃபெட்டை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? இதற்கும் பேரேட்டுக் கணக்கே போதும். காயிலில் ஒவ்வொரு சுற்றிலும் வரவும் பற்றும் நேராக வேண்டும். வோல்ட்டை நேரத்தால் பெருக்கிய தொகைதான் இங்கே பணம்.

ஒரு லட்சம் முறை என்றால் ஒரு சுற்றுக்கு 10 மைக்ரோசெகண்ட். உள்ளே 48 வோல்ட் இருக்கும்போது மாஸ்ஃபெட் 2 மைக்ரோசெகண்ட் திறந்திருந்தால் வரவு 48 பெருக்கல் 2, ஆக 96. மீதி 8 மைக்ரோசெகண்டில் 12 வோல்ட் வீதம் பற்று, அதுவும் 96. கணக்கு நேர். உள்ளே 36 ஆக இறங்கினால் 2.5 மைக்ரோசெகண்ட் திறக்க வேண்டும்: 36 பெருக்கல் 2.5, தொகை 90. மறுபக்கம் 12 பெருக்கல் 7.5, அதே 90. உள்ளே 75 ஆக ஏறினால் 1.38 மைக்ரோசெகண்ட் போதும். டயோடில் விழும் அரை முக்கால் வோல்ட்டை இங்கே சேர்க்கவில்லை. சேர்த்தால் நேரம் கொஞ்சம் கூடும். அதைச் சிப் தானே சரிசெய்துகொள்ளும்.

காயில் வெளியே கரண்ட் தருவது மாஸ்ஃபெட் மூடியிருக்கும் நேரத்தில் மட்டும். எனவே வெளியே 1 ஆம்பியர் வேண்டுமென்றால் காயிலில் அதைவிட அதிகம் ஓட வேண்டும். மிக மோசமான நிலை 36 வோல்ட்டில். அங்கே சுற்றில் முக்கால் பங்கு நேரம்தான் கரண்ட் வெளியே போகிறது. 1-ஐ 0.75-ஆல் வகுத்தால் சராசரி 1.33 ஆம்பியர். காயிலுக்கு 220 மைக்ரோஹென்றி எடுத்தால், மேற்படி 90-ஐ 220-ஆல் வகுக்க 0.41 ஆம்பியர் ஏற்ற இறக்கம். அதில் பாதியைச் சராசரியோடு கூட்டினால் உச்சம் சுமார் 1.54 ஆம்பியர். கடையில் கேட்கும்போது 220 மைக்ரோஹென்றி, 2.5 ஆம்பியர் வரை செறிவடையாத காயில் என்று கேளுங்கள். மலிவாக இருக்கிறதென்று 1 ஆம்பியர் காயிலைப் போட்டால் அதன் ஃபெரைட் நிரம்பி, காயில் வெறும் கம்பியாகிவிடும். அப்போது மாஸ்ஃபெட் தாங்காது.

5. சிப் எங்கே உட்கார வேண்டும்?

மாஸ்ஃபெட்டை ஆட்டிவைக்க யூசி 3845 என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். பழையது, எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆன் நேரத்தை 50 சதவீதத்துக்கு மேல் போகவிடாது. நமக்கு 25 சதவீதமே அதிகபட்சம் என்பதால் அந்தக் கட்டுப்பாடு ஒரு காவல். (இந்தச் சிப்பில் உள் ஆசிலேட்டர், வெளியே வரும் வேகத்தைப் போல இரு மடங்கு ஓடும். ஒரு லட்சம் வேண்டுமென்றால் இரண்டு லட்சத்துக்கு அமைக்க வேண்டும்.)

இதன் கிரவுண்டு காலை எங்கே கட்டுவது? ‘கிரவுண்டு என்றால் எர்த்தில்’ என்று கை தானாகப் போகும். அங்கே கட்டக்கூடாது. மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் கால் மைனஸ் 48-ல் நிற்கிறது. சிப்பும் அங்கேயே நின்றால்தான் அதன் கேட்டை நேராகத் தட்ட முடியும். ஆக, சிப்பின் கிரவுண்டு மைனஸ் 48 கம்பியில். சிப்பின் பார்வையில் எர்த் 48 வோல்ட் உயரத்தில், நம் வெளியீடு 60 வோல்ட் உயரத்தில்.

இதற்கு மாறாகச் சிப்பை எர்த்தில் உட்காரவைத்தால், செகண்டுக்கு ஒரு லட்சம் முறை தரும் உத்தரவை 48 வோல்ட் பள்ளத்துக்கு இறக்க வேண்டிவரும். செய்ய முடியாததல்ல, ஆனால் செலவும் தொல்லையும் அதிகம். வெளியீடு 12 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதோ நிதானமான வேலை. வேகமாகப் பேச வேண்டியவர் பக்கத்தில் நாம் உட்கார்ந்துகொண்டு, நிதானமாகப் பேசுகிறவரிடம் ஆள் அனுப்பிச் சேதி வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சிப்புக்கு 48 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் செத்துப்போகும், அதன் எல்லை 30 வோல்ட். எர்த்திலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தொடக்கக் கரண்டைக் கொடுங்கள். 36 வோல்ட்டிலும் 1 மில்லி ஆம்பியருக்கு மேல் கிடைக்கும், சிப் விழித்துக்கொள்ள அது போதும். ஓட ஆரம்பித்ததும், காயிலின் மேலேயே அதே எண்ணிக்கைச் சுற்றுகளில் இரண்டாவதாக ஒரு சுருளைச் சுற்றி, டயோடு போட்டு, மைனஸ் 48-ஐ அடிப்படையாகக் கொண்டு சிப்புக்கு ஊட்டலாம். மாஸ்ஃபெட் மூடிய நேரத்தில் காயிலில் 12 வோல்ட் நிற்கிறது. சம சுற்று என்பதால் இங்கேயும் ஏறக்குறைய 12 கிடைக்கும்.

6. சேதி சொல்லும் டிரான்சிஸ்டர்

சிப் தன் கிரவுண்டை விட 2.5 வோல்ட் உயரத்தில் ஒரு சேதியை எதிர்பார்க்கிறது. வெளியீட்டிலிருந்து மைனஸ் 48 வரை இரண்டு ரெசிஸ்டரை வைத்துப் பிரித்தெடுத்தால் என்ன? கூடாது. அப்போது சிப் 60 வோல்ட் என்ற மொத்த உயரத்தைத்தான் காக்கும். பாட்டரி 48-லிருந்து 54 ஆனால், வெளியீடு 12-லிருந்து 6-க்கு விழுந்துவிடும்! நமக்கு வேண்டியது எர்த்துக்கு மேல் உள்ள 12 மட்டும்.

இதற்கு ஒரு பி.என்.பி. டிரான்சிஸ்டர் போதும். பேஸ் எர்த்தில். எமிட்டர் ஒரு ரெசிஸ்டர் வழியாக ப்ளஸ் 12-ல். கலெக்டர் இன்னொரு ரெசிஸ்டர் வழியாக மைனஸ் 48-ல். அந்தக் கலெக்டர் முனையே சிப்புக்குச் சேதி சொல்லும் இடம். மேல் ரெசிஸ்டரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறதோ, அநேகமாக அவ்வளவும் கீழ் ரெசிஸ்டரிலும் ஓடும். நடுவே எத்தனை வோல்ட் பள்ளம் இருந்தாலும் கவலையில்லை. 1 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் கீழே 2.5 கிலோ ஓம். மேலே 12-லிருந்து பேஸ்-எமிட்டர் அழுத்தம் 0.65-ஐக் கழித்து 11.35 கிலோ ஓம்.

அந்த 0.65 வெப்பத்தில் அசையும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். வெயிலில் பெட்டி 50 டிகிரி சூடேறினால் 0.1 வோல்ட் மாறும். 12-க்கு இது ஒரு சதவீதத்துக்கும் கீழே, பொறுத்துக்கொள்ளலாம். இதே முறையில் 3.3 வோல்ட் எடுத்தால் 3 சதவீதம், அது பொறுக்காது. அப்போது அதே ரக டிரான்சிஸ்டர் இன்னொன்றைப் பேஸையும் கலெக்டரையும் சேர்த்து டயோடு போலாக்குங்கள். எமிட்டரை எர்த்திலும், சேர்த்த முனையை முதல் டிரான்சிஸ்டரின் பேஸிலும் வைத்து, அங்கிருந்து 47 கிலோ ஓம் வழியாக மைனஸ் 48-க்கு இழுத்துவிடுங்கள். இரண்டின் அசைவும் ஒன்றையொன்று அடித்துவிடும். மேல் ரெசிஸ்டர் முழுசாக 12 கிலோ ஓம் ஆகிவிடும். இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டிவைத்தால் ஒரே சூட்டில் இருக்கும்.

7. பாகம் வாங்கும்போது

இனி வருவது கடைக்காரன் வார்த்தை. பி.என்.பி. என்று கேட்டால் எந்தக் கடையிலும் பி.சி. 557-ஐ எடுத்து நீட்டுவார்கள். அதன் எல்லை 45 வோல்ட். நம் சர்க்யூட்டில் அதன் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே 48 வோல்ட்டில் 46, பாட்டரி சார்ஜில் 52, ஏற்றத்தில் 73. மேசையில் சில நாள் ஓடியே காட்டும், அதுதான் ஏமாற்று. கோபுரத்தடியில் போய்ச் சாகும். இங்கே 150 வோல்ட் தாங்கும் 2 என் 5401 வேண்டும்.

அந்த டிரான்சிஸ்டர் அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். சிப்புக்குச் சேதி நின்றுவிடும். ‘வெளியீடு இல்லை போலிருக்கிறது’ என்று அது முழு மூச்சாகத் தள்ளும். 50 சதவீதக் காவல் இருந்தாலும் வெளியீடு 48 வோல்ட்டை நோக்கி ஏறும், லோடு குறைவென்றால் அதற்கு மேலும் போகும். 12 வோல்ட் கருவியின் கதி என்ன? ஆகவே வெளியீட்டில் 15 வோல்ட் ஸீனரும், அது கடத்தியதும் பாதையைக் குறுக்கே அடைக்கும் எஸ்.சி.ஆரும் வையுங்கள். மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலில் 0.47 ஓம் வைத்தால், சிப் சுமார் 2.1 ஆம்பியரில் தானே கையை எடுத்துவிடும். சில ரூபாய்ச் செலவில் பல ஆயிரம் ரூபாய்க் கருவி பிழைக்கும்.

மாஸ்ஃபெட்டுக்கு அணையும் நேரத்தில் வரும் அழுத்தம் 75-ம் 12-ம் சேர்ந்து 87, அதன் மேல் துள்ளல் வேறு. ஐ.ஆர்.எஃப். 540 என்பது 100 வோல்ட், விளிம்பில் நிற்கும். ஐ.ஆர்.எஃப். 640 என்பது 200 வோல்ட், நிம்மதி. டயோடும் அதே அழுத்தத்தைத் தாங்க வேண்டும், வேகமானதாகவும் இருக்க வேண்டும். சாதாரண 1 என் 4007 ஆயிரம் வோல்ட் தாங்கும் என்று போடாதீர்கள். ஒரு லட்சம் முறை திறந்து மூட அதற்கு வேகம் போதாது, சூடேறி வெந்துவிடும். உள்ளீட்டுக் கண்டென்சர் 63 வோல்ட் போதாது, 100 வோல்ட் வேண்டும். வெளியீட்டில் 470 மைக்ரோஃபேரட், 25 வோல்ட், உள்தடை குறைந்த ரகம். அதில் அரை ஆம்பியருக்கு மேல் சிற்றலைக் கரண்ட் ஓடும், அதைத் தாங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

8. அவசரப்படாத சிப்

லோடு திடீரென்று கூடினால் சிப் ஆன் நேரத்தை நீட்டும். நீட்டினால் மூடிய நேரம் சுருங்கும். மூடிய நேரத்தில்தானே வெளியே கரண்ட் போகிறது? ஆக, அதிகம் கேட்ட கணத்தில் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். வியாபாரத்தில் சரக்கை அதிகம் வாங்கிப்போட்டால் முதல் சில நாள் கல்லாவில் பணம் குறையும், பிறகுதான் கூடும். அந்தச் சில நாளைப் பொறுக்காமல் இன்னும் இன்னும் வாங்கினால் கடை தள்ளாடிவிடும். சிப்பும் அவசரப்பட்டால் வெளியீடு ஊசலாடும். நம் உதாரணத்தில் இந்தக் குணம் தலைகாட்டும் இடம் 36 வோல்ட்டில் சுமார் 19.5 கிலோஹெர்ட்ஸ். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 கிலோஹெர்ட்ஸுக்குள் சிப்பின் சரிசெய்யும் வேகத்தை அடக்கிவிட வேண்டும்.

9. கைக்கும் கருவிக்கும் காவல்

இது டிசைனை விட முக்கியம், ஒவ்வொன்றும் நடக்கக்கூடியது.

ஒன்று, எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் திசை. உள்ளீட்டில் அதன் ப்ளஸ் கால் எர்த்துக்கும், மைனஸ் கால் 48 கம்பிக்கும் போக வேண்டும். ‘மைனஸ் என்றால் எர்த்’ என்ற கார் பழக்கத்தில் மாற்றிப் போட்டால் வெடிக்கும். முகத்தை நேராக வைத்துக்கொண்டு முதல்முறை கரண்ட் கொடுக்காதீர்கள்.

இரண்டு, ஃப்யூஸ் மைனஸ் 48 கம்பியில்தான் இருக்க வேண்டும். எர்த் கம்பியில் வைத்து அது போனால், சர்க்யூட் செத்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் முழுவதும் 48 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும்.

மூன்று, ஆசிலாஸ்கோப். அதன் புரோபில் தொங்கும் கிளிப், ப்ளக்கின் மூன்றாவது கால் வழியாக எர்த்தோடு சேர்ந்தது. சிப்பின் கிரவுண்டு கால் என்று நம்பி அங்கே மாட்டினால், எர்த்தையும் மைனஸ் 48-ஐயும் நேராகச் சேர்த்துவிட்டோம் என்று பொருள். பாட்டரி வரிசை அந்தக் கிளிப்பை உருக்கிவிடும். இதற்காக ஸ்கோப்பின் எர்த் காலை வெட்டுகிறவர்கள் உண்டு, அது இன்னும் மோசம். ஸ்கோப்பின் உடம்பே 48-ல் நிற்கும், மெயின் கசிந்தால் காப்பாற்ற எர்த் இராது. டிஃபரென்ஷியல் புரோப் எடுங்கள், அல்லது இரண்டு சானலை வைத்துக் கழித்துப் பாருங்கள். லேப்டாப்பின் யூ.எஸ்.பி. கேபிளுக்கும் இதே எச்சரிக்கை. மைனஸ் 48-ல் உட்கார்ந்த சிப்போடு அதை நேராக இணைத்தால் லேப்டாப்போடு சேர்த்துப் போகும். நடுவே ஆப்டோகப்ளர் வேண்டும்.

நான்கு, மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு டிரெயினோடு சேர்ந்தது. எர்த் ஆன பெட்டியில் மைக்கா இல்லாமல் திருகக்கூடாது.

ஐந்து, பாட்டரி அறைக்குள் போகும்போது மோதிரம், இரும்புப் பட்டைக் கடிகாரம், வளையல் எதுவும் கையில் வேண்டாம். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்பார்கள், அது உலர்ந்த தோலுக்கு. குறுக்கே விழுந்த உலோகத்தில் பாயும் கரண்டுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. விரலோடு மோதிரம் சிவந்துவிடும்.

வெளியீடு நீண்ட கேபிளில் வெளியே போவதாக இருந்தால், இடி மின்னல் பயம் உள்ள இடமென்றால், மேற்சொன்ன சர்க்யூட் வேண்டாம். இதில் உள்ளும் வெளியும் ஒரே எர்த்தைப் பகிர்கின்றன. அங்கே டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரித்த ஃப்ளைபேக் வகையே முறை. 36 முதல் 75 வோல்ட் வாங்கும் அத்தகைய பிரித்த கன்வெர்ட்டர்கள் சிறு கட்டியாகத் தயார்நிலையிலேயே கிடைக்கின்றன.

தயாராகக் கிடைக்கும்போது நாம் ஏன் கற்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கலாம். கட்டி கெட்டுப்போனால் குப்பையில் போட்டு இன்னொன்று வாங்கலாம், உண்மைதான். ஆனால் ஏன் கெட்டது என்று தெரியாதவன், புதிதாக வாங்கியதையும் அதே இடத்தில் கெடுப்பான். நம் பிள்ளைகள் பலர் ஊர் விட்டு ஊர் போய் டவர் வேலை, நிறுவல் வேலை, பழுதுபார்ப்பு என்றுதான் பிழைப்பைத் தொடங்குகிறார்கள். அவர்கள் கையில் மீட்டரை எடுத்ததும் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை வோல்ட்?’ அல்ல. ‘எதிலிருந்து எத்தனை வோல்ட்?’ என்று கேட்கப் பழகிவிட்டால், கருவியும் பிழைக்கும், கையும் பிழைக்கும்.